செல்போன் டவரும் கரன்ட் கம்பியும்: பயப்பட வேண்டியது எதற்கு?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு தெருவின் மொட்டை மாடியில் செல்போன் டவர் வரப்போகிறது என்று தெரிந்தால் போதும். அன்று ராத்திரியே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் 'கேன்சர் வரும்', 'கர்ப்பிணிகளுக்கு ஆகாது', 'சிட்டுக்குருவியே இல்லாமப் போச்சு' என்று ஃபார்வர்டுகள் வரிசை கட்டும். இரண்டு நாளில் மனு தயாராகிவிடும். அதே குரூப்பில் இன்னொரு புகாரும் வரும்: 'வீட்டுக்குள்ள சிக்னலே இல்ல, ஆபீஸ் மீட்டிங்கை எப்படிப் பார்க்கிறது?'

இரண்டு கவலையும் நியாயமானவைதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பயம் வருவது இயல்பு. அதைக் கேலி செய்வதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஆனால், அந்தப் பயம் சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால், இந்த வட்டாரத்தில் கம்பி உண்மையிலேயே உயிரைப் பறித்திருக்கிறது. அதற்குக் காரணம் கதிர்வீச்சு அல்ல.

ஒரே சொல், இரண்டு விஷயம்

குழப்பத்தின் பாதி, 'கதிர்வீச்சு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. கூடங்குளம் அணு உலை என்றாலும் கதிர்வீச்சு, எக்ஸ்-ரே என்றாலும் கதிர்வீச்சு, செல்போன் டவர் என்றாலும் கதிர்வீச்சு. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஆனால், மூன்றும் ஒன்றல்ல.

எக்ஸ்-ரே, காமா கதிர்களுக்கு அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் ஆற்றல் உண்டு. அதனால்தான் அவை மரபணுவை நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. டவரில் இருந்து வருவது ரேடியோ அலை. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைவிட அதன் ஆற்றல் ரொம்பக் குறைவு. மரபணுவை உடைக்கும் சக்தி அதற்கு இல்லை. மிக அதிகமாக இருந்தால் உடலைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வைத்துத்தான் பாதுகாப்பு வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன.

இந்தியா 2008-ல் சர்வதேச வரம்பை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது, 0.45 வாட் ஆனது. மக்கள் நடமாடும் இடங்களில் டவர்களால் ஏற்படும் அளவு, சர்வதேச வரம்பில் பெரும்பாலும் 0.002 முதல் 2 சதவீதம் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது.

'கேன்சர் வரலாம்னு அவங்களே சொன்னாங்களே?'

சொன்னது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதம் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்பது அதன் பொருள். ஆதாரம் போதவில்லை, ஆனால் முழுசாகத் தள்ளிவிடவும் முடியவில்லை என்ற நிலை. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இதே பிரிவில்தான் இருக்கிறது. புகையிலையும் வெளிக்காற்று மாசும் இருப்பது முதல் பிரிவில். அவை புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. பெட்டிக்கடை வாசலில் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே டவரைத் திட்டுபவர் இந்த இரண்டு பிரிவையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

2011-க்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு 2024-ல் வெளியானது. செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அது காணவில்லை. டவர்களால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகரிப்பதாகவும் காணவில்லை.

2017-ல் குவாலியரில் ஒரு டவரின் இயக்கத்தை நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஒரு வழக்கில், ஒரு டவருக்கான உத்தரவு. அறிவியல் முடிவு அல்ல. சிட்டுக்குருவி விஷயத்தில் '2.0' படத்தை ஆதாரமாகக் காட்டுபவர்களும் உண்டு. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020 அறிக்கையோ, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிய மாற்றமின்றி இருக்கிறது என்றது.

டவரை விரட்டினால் என்ன ஆகும்?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. உடம்புக்கு அதிக ரேடியோ அலையைத் தருவது பெரும்பாலும் தூரத்து டவர் அல்ல, காதோடு ஒட்டியிருக்கும் போன். சிக்னல் நன்றாக இருந்தால் போன் மெதுவாகப் பேசும். சிக்னல் இல்லாவிட்டால் டவரை எட்டுவதற்காகக் கத்தும். பல மடங்கு அதிக சக்தியில் அலையை அனுப்பும். டவரைத் தெருவில் இருந்து விரட்டினால், தெருவில் உள்ள ஒவ்வொரு போனும் கூடுதலாகக் கத்த வேண்டியதுதான்.

இன்னொன்று, டவரின் ஆன்டெனா அலையைக் கிடைமட்டமாகத் தூரத்துக்கு வீசுகிறது. விளக்குக்கு அடியில் இருட்டு என்பதுபோல, டவர் நிற்கும் கட்டடத்துக்கு நேர் கீழே அலை பொதுவாகக் குறைவு. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, மிக அருகில் போய் நிற்பதைத்தான் தவிர்க்க வேண்டும். போனைப் பற்றிக் கவலை என்றால் ஹெட்செட்டில் பேசலாம். *#07# என்று டயல் செய்தால் போனின் 'சார்' அளவு தெரியும். இந்தியாவில் அதன் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

ஹை டென்ஷன் லைன் வேறு கதை

மின்கம்பியில் கேள்வி கொஞ்சம் வேறு. 2018-ல் ஈரோடு, திருப்பூர், கோவை விவசாயிகள் உயர் மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது நிலம், இழப்பீட்டோடு உடல்நலக் கவலையும் சேர்ந்தே பேசப்பட்டது. லைனுக்குக் கீழே ட்யூப் லைட் தானாக எரியும் வீடியோக்கள் இன்றும் சுற்றுகின்றன. அது பொய்யல்ல. கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தால் அது மங்கலாக ஒளிரும். ஆனால், குழல் ஒளிர்வது நோய்க்குச் சான்று ஆகாது. அந்த மின்புலத்தை வீட்டுச் சுவரே பெருமளவு தடுத்துவிடும்.

காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது. வீட்டில் சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாக இருந்ததைச் சில ஆய்வுகள் கண்டன. அதனால் 2002-ல் இதுவும் '2பி' பிரிவுக்கு வந்தது. காந்தப்புலம்தான் காரணம் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. கம்பியில் இருந்து தள்ளிப் போகப் போக அது வேகமாகக் குறையும். ஆகவே பெரிய லைனுக்கு நேர் கீழே வீடோ பள்ளிக்கூடமோ கட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். அதற்கு மேல் பதற்றம் தேவையில்லை.

உயிரைப் பறித்தது எது?

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். நான்கே மாதம் கழித்து, விநாயகர் சதுர்த்தியன்று, ராஜபாளையம் அருகே சொக்கநாதன்புத்தூரில் சப்பரம் கம்பியில் பட்டு 2 பேர் இறந்தார்கள். இரண்டுமே ஒரு நொடியில் முடிந்துபோனவை. ஆய்வு, சாத்தியம், 2பி என்று எந்த விவாதத்துக்கும் அங்கே இடமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் போன்ற பெரிய விழா என்றால், மாவட்ட நிர்வாகம் முதல் மின்வாரியம் வரை எல்லோரும் வீதியில் நிற்பார்கள். தெருக்கோயில் சப்பரத்துக்கு யார் நிற்கிறார்கள்? ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போடும்போது கம்பி தரையை நெருங்குகிறதே, அதை யார் அளக்கிறார்கள்? கம்பி பக்கத்தில் இருப்பது தெரிந்தே மாடி எழுப்பும் வீட்டுக்காரரை யார் தடுக்கிறார்கள்? 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. இரண்டு ஊரிலும் எந்தத் தெருவிலும் அண்ணாந்து பார்த்தால், அது காப்பாற்றப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

மனுவில் எழுத வேண்டியது

தெருக்காரர்களின் மனு வீணாகக் கூடாது. அதில் கேட்க வேண்டியவை வேறு. டவரைத் தாங்கும் பலம் அந்தக் கட்டடத்துக்கு உண்டா? ஜெனரேட்டரின் சத்தமும் புகையும் யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் வாங்க முடியும்.

கதிர்வீச்சை அளக்கவும் வழி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் அருகில் உள்ள டவர்களின் விவரத்தைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் நேரில் வந்து அளக்கச் சொல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. கோளாறு அந்தத் தொகையில்தான். நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் சந்தேகம் தீர 4,000 ரூபாய் கட்டுமா? பயத்தைப் போக்க வேண்டியது அரசின் பொறுப்பு. நகராட்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அளந்து, எந்தத் தெருவில் எவ்வளவு என்று நகராட்சி அலுவலக வாசலில் தமிழில் ஒட்டினால், பாதி ஃபார்வர்டுகள் தானாக நின்றுவிடும். 'ஒண்ணும் ஆகாது, போங்க' என்ற பதில்தான் சந்தேகத்தை வளர்க்கிறது.

கம்பி விஷயத்தில் அதுவரை காத்திருக்க முடியாது. தாழ்ந்து தொங்கும் கம்பியையும் சாய்ந்த போஸ்ட்டையும் பார்த்தால், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். சப்பரம் கிளம்பும் நாளுக்கு முன்பே அதன் உயரத்தையும் போகும் வழியையும் எழுதிக் கொடுத்து, கரன்ட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். டவருக்கு எதிராக ஒரே ராத்திரியில் கையெழுத்து சேர்க்கும் குரூப்புக்கு இது பெரிய வேலையே இல்லை.