எண்ணும் பெயரும்

கையால் வரையப்பட்ட அசைவூட்டப் படங்களில் ஒவ்வொரு சிறு அசைவும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் தனித்தனியே தீட்டப்பட்டது. படம்பிடித்து முடிந்ததும் அத்தாள்கள் பல கழுவப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டன. சில குப்பைக்குச் சென்றன. 1937இல் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோ நகரின் கூர்வாசியே கலைக்கூடம் அப்படத்தின் தாள்களை விற்கத் தொடங்கியது. குப்பையாகப் போயிருக்க வேண்டியது சட்டமிடப்பட்டுச் சுவரேறியது!

இன்று திரைப்பாத்திரங்களின் உருவங்கள் உயர்ந்த தாளில் அச்சிடப்பட்டு, ‘வரையறுத்த பதிப்பு’ என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. அச்சுப்படியின் கீழ்ப்பகுதியில் ‘25/250’ என்பது போல ஓர் எண் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். மொத்தம் 250 படிகள், அவற்றுள் இது 25ஆவது என்பது அதன் பொருள். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட காலத்தில், அச்சிட அச்சிடத் தகடு தேய்ந்தது. ஆகவே படிகளின் எண்ணிக்கைக்கு இயற்கையாகவே ஓர் எல்லை இருந்தது. கணினியில் சேமித்த உருவமோ தேய்வதில்லை. பத்தாயிரமாவது படியும் முதற்படியைப் போலவே தெளிவாக இருக்கும். எனவே, இன்றைய எண் விற்பவர் தரும் வாக்குறுதியே. வாக்கைக் காப்பாற்றும்வரை அதில் குறைகாண ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. படியில் பாத்திரத்தின் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. மூல ஓவியத்தைத் தீட்டியவரின் பெயரோ பல வேளைகளில் இருப்பதில்லை.

‘பாம்பி’ படத்தின் காட்டை நினைத்துப் பார்க்கலாம். முதலில் இலை, கிளை என ஒவ்வொன்றும் நுணுக்கமாக வரையப்பட்டதால் மான்குட்டி அவற்றுள் மறைந்துபோயிற்று. அப்போது டைரஸ் வாங் என்னும் இளைஞர் சில ஓவியங்களைத் தீட்டிக் காட்டினார். மூடுபனியும் ஒளியும் மட்டுமே காட்டை உணர்த்தின. மான்குட்டி தெளிவாகத் தெரிந்தது. பழஞ்சீன நிலக்காட்சி ஓவியங்களிலிருந்து அவர் பெற்ற முறை அது. சீனாவில் பிறந்து, சிறுவனாகத் தந்தையோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். தாயை மீண்டும் காணவே இல்லை. முழுப்படத்தின் தோற்றத்தையும் அவருடைய ஓவியங்களே தீர்மானித்தன. ஆயினும், 1942இல் படம் வெளிவந்தபோது பின்னணி ஓவியர் பலருள் ஒருவராகவே அவர் பெயர் திரையில் வந்தது.

திரைப்படம் நூற்றுக்கணக்கானோரின் கூட்டுப்படைப்பு, யார் பெயரைத்தான் எழுதுவது என்று கேட்கப்படலாம். பொருளுள்ள கேள்விதான். ஆனால், படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ நீண்ட பெயர்ப்பட்டியலுக்கு இடம் கிடைக்கிறது. அச்சுப்படியின் பின்புறம் வெறுமையாகத்தானே கிடக்கிறது? அக்காட்டை அச்சிட்டு விற்பவர், எண்ணை எழுதும் அதே பென்சிலால் ‘டைரஸ் வாங்’ என்றும் எழுதலாம். டிஸ்னி நிறுவனம் அவரைத் தன் மேதைகளுள் ஒருவராகப் போற்றியது 2001இல். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 90.