தர்ம அடியில் தர்மம் எங்கே?

ஆரம்பாக்கத்தில் சாயங்கால ரெயில் வந்து நின்றதும் கூட்டம் கடைப் பக்கம் பாயும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், தடா பக்கம் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மளிகைக் கடைக்குள் நுழைகிறார்கள்.

அந்த நெரிசலில் ஒரு வாலிபர் ஷாம்பு பாட்டிலை சட்டைக்குள் செருகுவதை கடைப் பையன் பார்த்து விடுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அப்புறம் என்ன நடக்கும்?

"திருடன்... திருடன்..." என்று கூச்சல். கும்பல் கூடும். கம்பத்தில் கட்டி வைப்பார்கள். போகிறவன், வருகிறவன் எல்லாம் ஆளுக்கு ஒரு அறை. செல்போனில் படம் வேறு!

மறுநாள் செய்தியில் "பொதுமக்கள் தர்ம அடி கொடுத்து போலீசில் ஒப்படைத்தனர்" என்று வரும். பத்திரிகைக்காரர்களுக்கும் அது எழுதிப் பழகிப் போன வார்த்தை. அடித்தவன் மீதும் வழக்கு உண்டு என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

அட்டப்பாடி

கோவையை அடுத்த கேரள எல்லையில் இருக்கிறது அட்டப்பாடி. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே மது என்ற ஆதிவாசி வாலிபரை, கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கும்பல் பிடித்தது. கையைக் கட்டியது. அடித்தது. பக்கத்தில் நின்று 'செல்பி'யும் எடுத்துக் கொண்டது. போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போகும் வழியில் அவர் உயிர் போனது.

2023 ஏப்ரலில் மன்னார்க்காடு தனிக்கோர்ட்டு தீர்ப்பு கூறியது. 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல்! கொஞ்சம் அரிசிக்காக ஒரு உயிர் போயிற்று. 13 குடும்பங்களும் தெருவுக்கு வந்தன.

கடைக்காரர் வயிற்றெரிச்சல் புரியாமல் இல்லை. சின்ன கடையில் மாதம் நாலு பாட்டில் காணாமல் போனால் லாபமே அதோடு போச்சு. ஆனால் அவருக்கும் சட்டத்தில் ஒரு எல்லை இருக்கிறது. ஜாமீனில் விட முடியாத, போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்யக் கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால்தான் பொதுஜனம் ஒருவரைப் பிடித்து வைக்க முடியும். பிடித்தாலும் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். குடோனில் பூட்டி வைத்தால் அது தனி குற்றம். "பத்து மடங்கு கட்டு, இல்லாவிட்டால் படத்தை ஊரெல்லாம் அனுப்புவேன்" என்று மிரட்டிப் பணம் வாங்கினால் பணம் பறிப்பு வழக்கு கடைக்காரர் மீதே திரும்பும்.

5 ஆயிரம் ரூபாய்

இனி மாட்டிக் கொண்டவர் கதைக்கு வருவோம்.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்து விட்டது. பழைய 379-க்கு பதில் இப்போது 303 (2). திருட்டுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது பழைய கதைதான்.

புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு, தண்டனை பெறுவதும் முதல் தடவை, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தாகி விட்டது என்றால் ஜெயில் இல்லை. சம்பளம் இல்லாமல் ஊருக்கு உபயோகமான வேலை செய்ய வேண்டும். 'சமூக சேவை' என்று அதற்குப் பெயர். இந்த வகை வழக்கில் ஜாமீன் உரிமையாகவே உண்டு. வாரண்டு இல்லாமல் கைது செய்யவும் முடியாது.

ஷாம்பு பாட்டில், சோப்பு, பிஸ்கட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது.

திருட்டு நடந்தது மனிதர் குடியிருக்கும் கட்டிடத்திலோ, பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டிடத்திலோ என்றால் பிரிவு 305. பழைய 380. அதற்கு 7 ஆண்டு வரை தண்டனை. சமூக சேவைச் சலுகை அதில் கிடையாது. கடைக்காரரும் வாலிபரும் சமாதானமாகி கோர்ட்டில் எழுதிக் கொடுத்து வழக்கை முடிக்கும் வழி 303 (2)-ல் உண்டு. 305-ல் அதுவும் கிடையாது. ஐகோர்ட்டு வரை போய்த்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஷாம்பு பாட்டில். போலீஸ் எழுத்தர் எந்த எண்ணைப் போடுகிறார் என்பதில் ஒருத்தன் தலையெழுத்தே மாறிப் போகிறது! ஆகவே வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது எப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்பதைத்தான். யார் வேண்டுமானாலும் வந்து போகும் கடை, பொருளைப் பூட்டிப் பாதுகாக்கும் கட்டிடம் ஆகுமா என்று அங்கேயே வாதத்தை ஆரம்பிக்கலாம்.

எடுத்தது எல்லாம் திருட்டா?

பொருள் கையில் இருந்தால் மட்டும் திருட்டு ஆகி விடாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தார் என்பதை அரசு தரப்பு நிரூபிக்க வேண்டும். வீட்டுக்கு 800 ரூபாய்க்கு சாமான் வாங்கி பில் கட்டிய ஒரு அம்மாவின் பையில் கட்டாத பாக்கெட் ஒன்று கிடந்தால் "மறந்து விட்டேன்" என்பது நிற்கக் கூடிய வாதம். பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சட்டைக்குள் ஒளித்தவருக்கு அந்த வாதம் நிற்பது கஷ்டம். கடை வாசலைத் தாண்டவில்லையே என்பதும் உதவாது. கெட்ட எண்ணத்தோடு பொருளை நகர்த்தினாலே திருட்டு முடிந்து விட்டது என்கிறது சட்டம்.

"கேமராவில் பதிவாகி இருக்கு" என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பதிவின் நகலை கோர்ட்டில் கொடுக்கும்போது, அது எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் கூடவே வர வேண்டும். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டிப்பாகச் சொல்லி விட்டது. சான்றிதழ் இல்லாத நகலை வக்கீல் ஆட்சேபிக்கலாம்.

வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போடவே கூடாது. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. ஆனால் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்த தாள் அப்படி அல்ல. அடித்து வாங்கினார்கள் என்பதைக் கோர்ட்டில் சொல்லிப் போராட வேண்டி வரும்.

"ஒத்துக்கிட்டுப் போயிடு!"

பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கோர்ட்டு வராந்தாவில் யாராவது ஒரு புண்ணியவான், "தப்பு செஞ்சேன்னு ஒத்துக்கப்பா, சின்ன அபராதம்தான், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று இவரும் தலையாட்டுவார்.

அபராதம் ஆனாலும், சமூக சேவை ஆனாலும் அது தண்டனைதான். குற்றவாளி என்ற தீர்ப்பு ரிக்கார்டில் ஏறி விடும். கம்பெனி வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வரும்போது அது எதிரே வந்து நிற்கும். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இரண்டாவது தடவை திருட்டு வழக்கில் தண்டனை ஆனால் குறைந்தபட்சமே ஒரு ஆண்டு கடுங்காவல். புழல் ஜெயில்தான். அதிகபட்சம் 5 ஆண்டு. அன்றைக்கு மிச்சப்பட்ட ஒரு நாள் சம்பளம் இன்றைக்கு ஒரு வருடமாகத் திரும்பி வருகிறது.

குற்றம் உண்மையாகவே செய்தவருக்கும் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முதல் குற்றம் என்றால் கண்டித்து அனுப்பவோ, நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக் கொண்டு விடவோ மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 21 வயதுக்குக் கீழே என்றால் ஜெயிலுக்கு அனுப்ப தனிக் காரணம் எழுத வேண்டும். இந்தச் சட்டத்தில் விடுதலை ஆகிறவருக்கு, தண்டனையால் வரும் தகுதிக் குறைவும் ஒட்டாது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அபராதம் கட்ட அவசரப்படுகிறவர் எங்கே கேட்கப் போகிறார்? 18 வயது ஆகாத பையன் என்றால் இந்தக் கோர்ட்டுக்கே வர வேண்டியது இல்லை. இளைஞர் நீதிக் குழுமம்தான்.

மடப்புரம்

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, நோட்டீசு கொடுத்துக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவிலில் நடந்தது என்ன? காரில் இருந்த நகையைக் காணோம் என்று ஒரு பக்தை புகார் கொடுத்தார். கோவில் காவலாளி அஜித்குமாரை போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அவர் பிணம். பிரேத பரிசோதனையில் 44 காயங்கள்! போலீசார் 5 பேர் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

திருட்டுப் புகார் என்றால் உண்மையை அடித்துத்தான் வாங்க வேண்டும் என்ற நினைப்பு கடை வாசலிலும் இருக்கிறது, ஸ்டேஷனுக்குள்ளும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒடிசா, பீகார், வங்காளத்தில் இருந்து வந்து வேலை செய்கிறவர்கள் ஏராளம். "பில் போட மறந்துட்டேன்" என்று தமிழில் சொல்லத் தெரியாதவன் மாட்டினால் அடி இரண்டு மடங்கு.

வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கக் கூடாது. போன் எண் 15100.

இந்த எண்ணை ஆரம்பாக்கம் ரெயில் நிலையத்திலும், சிப்காட் கம்பெனி வாசல்களிலும் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளி மொழிகளிலும் எழுதி வைத்தால் என்ன? ஒரு டப்பா பெயிண்டு, ஒரு நாள் கூலி. மாவட்ட நிர்வாகம் யோசிக்குமா?