திருடன் கையில் சாவி

எக்ஸ் கதிர் பட்டு உடைந்த பழ ஈயின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஹெர்மன் முல்லர், உடைந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இயற்கையான முனைகள் மட்டும் எதனோடும் சேராமல் தனித்து நிற்கும் விந்தையைக் கண்டு, அவற்றுக்கு 1938-இல் டெலோமியர் என்று நாமகரணம் செய்தார். அந்தப் பெயருக்குக் காரணமான ஈயே பிற்காலத்தில் டெலோமியர்களின் பொது நியதிக்கு அடங்காத பிராணியாக வெளிப்பட்டது, விதியின் பரிகாசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

டி.என்.ஏ. பிரதியெடுக்கப்படும்போதெல்லாம் அதன் முனை சிறிது தேய்கிறது. மனிதன் முதலிய பல உயிர்களில் டெலோமரேஸ் என்னும் நொதி, ஒரே ஆறெழுத்துத் தொடரைத் திரும்பத் திரும்ப எழுதி அத்தேய்வை ஈடு செய்கிறது. இதைக் கண்டறிந்த பணிக்காக பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றதை வாசகர்கள் அறிவார்கள்.

பழ ஈயிடம் அந்த நொதியே கிடையாது. அதன் குரோமோசோம் முனைகளில் இருப்பவை ஹெட்-ஏ, டார்ட், தாரே என்னும் மூவகைத் தாவும் மரபுக்கூறுகள். அதாவது, மரபணுத் தொகுதியில் கண்ட இடத்தில் புகுந்து நல்ல மரபணுக்களைக் குலைப்பதாக அபகீர்த்தி பெற்ற ஒரு வம்சத்தின் உறவினர்கள். இவை தம்மை ஆர்.என்.ஏ.வாகப் பிரதியெடுத்து, அப்பிரதியைக் குரோமோசோமின் நுனிக்கு அனுப்பி, அங்கேயே அதை மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதி ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றின் வாலில் மற்றொன்றின் தலையாக வரிசை நீள்கிறது. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான், ஆனால் வீடு பத்திரமாக இருக்கிறது! முனை ஒடிந்த குரோமோசோம் ஒன்று தலைமுறைக்குச் சுமார் எழுபது எழுத்துக்களை இழந்துகொண்டே சென்று, திடீரென்று ஒரு நாள் ஹெட்-ஏ வந்து ஒட்டியதால் ஒரே தாவலில் நீண்டுவிட்டதை 1990-இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தனர். இதில் வேடிக்கை, ஹெட்-ஏயிடம் டி.என்.ஏ. எழுதும் நொதி சொந்தமாக இல்லை. டார்ட், தாரே ஆகியவற்றிடம் இரவல் பெறுகிறது என்று கருதுகிறார்கள். உடைந்த முனைகளின் விபரீதத்தையும் தாவும் மரபுக்கூறுகளையும் மக்காச்சோளத்தில் தனித்தனியே கண்ட பார்பரா மெக்ளின்டாக்கின் இரு கண்டுபிடிப்புகளும் இந்த அற்ப ஈயின் நுனியில் சந்தித்துக்கொண்டது எனக்குப் பேரானந்தம் தருகிறது.

ஆயினும் இவற்றை விசுவாச ஊழியர்கள் என்று கொண்டாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. இவை அளவு மீறிப் பெருகாதபடி, சிற்றளவு ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு ஈ சதா கண்காணிக்கிறது. டிரோசோபிலா பியார்மிபெஸ் என்னும் இனமோ இவற்றை அடியோடு இழந்துவிட்டு, வேறு வழியில் தன் முனைகளைக் காத்துக்கொண்டிருக்கிறது.