எந்த விமான நிலையம்?



வளைகுடாவிலிருந்து மகன் வருகிறான் என்றதும் வீட்டில் எழும் முதல் வினா, "எத்தனை மணிக்கு?" என்பதே. "எந்த விமான நிலையத்திற்கு?" என்று கேட்போர் குறைவு.

மதுரைக்குத் தெற்கேயுள்ள எம்மூரில் பெரியவர் ஒருவர் மவுத்தானார். மகனுக்கு அவசரத்தில் கிடைத்த பயணச்சீட்டு திருச்சிக்கு. வழக்கம்போல் மதுரையில் இறங்குவார் என்றெண்ணி, வீட்டார் வண்டியை அங்கே அனுப்பிவிட்டனர். பின்னர் அதே வண்டியைத் திருச்சிக்கு விரட்டினர். அது வரும்வரை அவர் காத்திருந்தார். அடக்கத்தை மேலும் தாமதிக்க இயலவில்லை. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது ஜனாஸா அடக்கப்பட்டிருந்தது. கபுருக்கருகே நின்று துஆச் செய்யவே அவருக்கு வாய்த்தது.

இவ்விரு நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 125 கிலோமீட்டர்தான். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியே சாலையில் சுமார் 140 கிலோமீட்டர். காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பேருந்தில் சென்றால் மாட்டுத்தாவணியில் இறங்கி, நகரின் தென்புறத்திலுள்ள நிலையத்திற்கு மீண்டும் வண்டி பிடிக்க வேண்டும்.

ஆகவே, புறப்படுபவரிடம் இறங்கும் ஊரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி தவறான இடத்திற்குப் போய்விட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இறங்கியவர் அங்கேயே வாடகைக் கார் அமர்த்திப் புறப்படட்டும். அன்று அவ்வாறு செய்திருப்பின் இரண்டரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். தந்தையின் முகத்தை மகன் கண்டிருப்பார்.