நான்கு எழுத்தா, 21 துண்டா?

மதுரையின் மேல்புறத்தே, வைகைக் கரையில் உள்ளது கோச்சடை. கோ, ச், ச, டை என அப்பெயருக்கு எழுத்து நான்கே. தொடக்கப் பள்ளிச் சிறுவனும் இதனைப் பிழையின்றி எண்ணுவான். கணிப்பொறியோ வேறு கணக்குச் சொல்கிறது!

ஒருங்குகுறி அப்பெயரை 7 குறிகளாகப் பிரிக்கிறது: க, ஓகாரக்குறி, ச, புள்ளி, ச, ட, ஐகாரக்குறி. யுடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட்டு, ஆக 21. இலினக்சு முனையத்தில், கருவகமே வரியைத் திருத்தும் நிலையில், அமைப்பு சரியாக இல்லாவிடில், பின்னழிப்பு விசையின் ஒரு தட்டு ஒரு பைட்டையே நீக்கும். எஞ்சுவது எழுத்துமன்று, குறியுமன்று, வெறுஞ்சிதைவே. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்டு. ஆதலால் ஆங்கிலம் எழுதுவோர்க்கு இக்குறை தோன்றுவதில்லை.

‘எசுடிடிஒய்’ என்னும் முனைய அமைப்புக் கட்டளையோடு ‘ஐயுடிஎஃப்8’ எனச் சேர்த்துத் தட்டினால் இச்சிதைவு நீங்கும். இவ்வமைப்பு 2004-இல் கருவகத்தில் சேர்ந்தது. தமிழில் எழுதுவோர் இதனை இயக்கி வைத்தல் வேண்டும். எனினும், ‘டை’யை அழிக்கப் புகுந்தால் ஐகாரம் மட்டும் நீங்கி ‘ட’ நிற்கும். 21 ஏழாயிற்று, நான்காகவில்லை!

உயிர்க்குறியை மட்டும் திருத்த இதுவே எளிது என்பர் சிலர். எளிதாகுக! ஆனால், குறியழிப்பா எழுத்தழிப்பா என்பதைத் தேரும் உரிமை எழுதுவோனுக்கு வேண்டாவா? அதற்கும் ஓர் அமைப்பு வேண்டும். இலினக்சின் மூலநிரல் எவரும் திருத்தத் திறந்தே கிடக்கிறது. தமிழறிந்த பொறியாளரே, பிறர் செய்து தருவர் எனக் காத்திராதீர்! எழுத்தெண்ணப் பொறிக்குக் கற்பிப்பது நும் கடன்.