நல்லாசிரியர் யாருக்கு வேண்டும்?

பள்ளமான வயலுக்கு நீர் தானே ஓடிச் சேரும். மேட்டு நிலத்துக்கோ ஏற்றம் இறைத்தே நீர் பாய்ச்ச வேண்டும். கல்வியும் அத்தகையதே. நூல்கள் நிறைந்த இல்லத்தில் வளரும் பிள்ளை, ஆசிரியர் சிறிது தளர்ந்தாலும் கற்றுக்கொள்வான். நகரத்து ஏழைப் பிள்ளைக்கோ பள்ளி ஒன்றே துணை. ஆதலின், திறமை மிக்க ஆசிரியர் முதலில் நாடிச் செல்ல வேண்டிய இடம் ஏழை மாணவர் பயிலும் நகரப் பள்ளியே என்பது என் கருத்து.

நியூயார்க்கு நகரில் ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்த பிராங்க் மக்கோர்ட் என்பாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். 1930-இல் பிறந்த அவர், அயர்லாந்து நாட்டு லிமரிக் நகரில் கொடிய வறுமையில் வளர்ந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர் அமெரிக்கா சென்று படைவீரராயினார். படையில் பணியாற்றியோர்க்கு அரசு அளித்த உதவியைக் கொண்டு பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1958-இல் ஸ்டேட்டன் தீவிலுள்ள தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்தார். அங்குப் பயின்றோருட் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ‘கருவி பிடிக்கப் போகும் கைகளுக்கு இலக்கியம் எதற்கு?’ என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர்.

கட்டுரை எழுதச் சொன்னால் அம்மாணவர்க்குப் பேனா ஓடாது. ஆனால், பள்ளிக்கு வாராத நாளுக்குக் காரணம் காட்டிப் பெற்றோர் எழுதியனவாக அவர்கள் கொண்டுவந்த கடிதங்களுட் பல, அவர்களே புனைந்தவை. அவற்றைப் படித்த மக்கோர்ட் வியந்தார். எத்துணைக் கற்பனை! எத்துணை நயம்! எழுதத் தெரியாதவர் என்று இகழப்பட்டோர் எழுதிய எழுத்தன்றோ அவை? அவர் சினந்து தண்டிக்கவில்லை, அக்கடிதங்களையே பாடமாக்கினார். ஆதாமோ ஏவாளோ கடவுளுக்கு எழுதும் மன்னிப்புக் கடிதத்தை எழுதுமாறு மாணவரைப் பணித்தார். சோம்பியிருந்த கைகள் விரைந்து எழுதலாயின.

‘பொய்யைப் பாராட்டலாமா?’ என்று சிலர் வினவலாம். அவர் பாராட்டியது பொய்யை அன்று. அதனுள் மறைந்து கிடந்த ஆற்றலையே. மாணவனிடம் இல்லாததைக் கணக்கிடுவது எளிது; இருப்பதைக் கண்டு வளர்ப்பதே ஆசிரியத் தொழில். இளமையில் வறுமையை அறிந்த மக்கோர்ட்டுக்கு அக்கண் வாய்த்திருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நியூயார்க்குப் பள்ளிகளில் கற்பித்த அவர், 1996-இல் தம் இளமை வரலாற்றை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு அந்நூல் புலிட்சர் பரிசு பெற்றது.

எனினும், ஆசிரியர் ஒருவரின் ஆர்வம் மட்டும் பள்ளியை உயர்த்திவிடாது. நாள்தோறும் ஐந்து வகுப்புகள் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட மாணவரின் ஏடுகளைத் திருத்துவோர்க்கு ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நோக்க நேரம் ஏது? அளவான வகுப்பும், நல்ல நூலகமும், போதிய ஊதியமும் அமைத்துத் தருவது சமுதாயத்தின் கடமை. அதனைச் செய்யாமல் ஆசிரியரின் தியாகத்தை மட்டும் புகழ்வது முறையன்று.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர். எளிய பள்ளி ஒன்றிற் பணி கிடைத்தால், அதனைத் தாழ்வென்று எண்ணாதீர். மேட்டு நிலத்தில் விளையும் கதிரே உழவனின் உழைப்பை உலகுக்கு உணர்த்தும்.