சீட்டில் இருக்கும் இன்னொரு எண்

அமெரிக்காவில் ஹெர்ஷி என்று ஒரு சிறிய ஊர். சாக்லேட்டுக்குப் பேர் போனது. 1962 மார்ச் 2-ந்தேதி இரவு அங்கே ஒரு கூடைப்பந்துப் போட்டி. பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. இதில் வில்ட் சேம்பர்லின் என்ற ஒருவரே 100 புள்ளி எடுத்தார்! ஆள் 7 அடி 1 அங்குலம்.

கணக்கைப் பாருங்கள். ஆட்டத்தின் ஓட்டத்தில் 63 தடவை எறிந்தார். 36 தடவை விழுந்தது. தடவைக்கு 2 வீதம் 72 புள்ளி. எதிரி தப்பாட்டம் ஆடினால், தடுப்பார் இல்லாமல் எறிய வாய்ப்புத் தருவார்கள். அப்படி 32 எறிந்து 28 போட்டார். ஆக 100. இந்த எறியில் அவர் மட்டம் என்றுதான் பெயர்!

கடைசி நிமிடங்கள் அழகாக இல்லை. சேம்பர்லினிடம் பந்து போகக்கூடாது என்று நிக்ஸ் வீரர்கள் மற்றவர்கள்மீது வேண்டுமென்றே மோதினார்கள். பந்து சீக்கிரம் திரும்பி வரட்டும் என்று வாரியர்சும் மோதினார்கள். இருந்தாலும் 100 பொய்க்கணக்கு அல்ல.

ஆட்டக் கணக்குச் சீட்டில் கய் ராட்ஜர்ஸ் பெயருக்கு நேரே 20 என்று இருக்கிறது. தோழர்கள் கூடையில் போடும்படி 20 தடவை பந்தை எடுத்துக் கொடுத்தவர் அவர். அது சாமானியமா? ஆட்டம் முடிந்ததும், 100 என்று எழுதிய தாளைப் பிடித்தபடி சேம்பர்லின் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் அவர் மட்டும்தான்.